கட்டின கை அவிழ்க்காத சோறு

முன்னொரு காலத்தில், மழைக்குக் குறைவில்லாத, ராஜாவுக்கு வேலை மட்டும் குறைவாக இருந்த ஒரு நாட்டில், ராஜா விருந்துக்குப் போய்விட்டுக் கோபத்தோடு திரும்பி வந்தார்.

விருந்து கொடுத்தவர் மேற்கு மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா. பதினெட்டு வகைப் பதார்த்தம் பரிமாறினார்கள். கடைசியில் இலையில் புளிச்சோறு விழுந்தது. நல்லெண்ணெய் மினுமினுக்க, வறுத்த வெந்தயமும் மிளகும் மணக்க, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது.

"எங்கள் நாட்டுச் சோறு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் மேற்கு ராஜா.

"உங்கள் நாட்டுச் சோறா? இதை எங்கள் ஊர்க் கிழக்கு வாசலில் மூட்டை கட்டி வழிப்போக்கருக்கு விற்கிறார்களே!"

"விற்பவர்கள் விற்கட்டும். முதலில் ஆக்கியது யார்? ஒரு பெயர் சொல்லுங்கள், பார்ப்போம்."

நம் ராஜாவுக்குப் பெயர் தெரியவில்லை. மேற்கு ராஜா சிரித்தார். அவருடைய மந்திரிகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம் ராஜா இரண்டு நாள் பயணம் முழுக்கப் பல்லக்கிலேயே சுமந்து வந்தார்.

மறுநாள் காலை சபை கூடியது. வழக்கம்போலக் கட்டியக்காரன் கோலைத் தட்டிக் கூவினான்:

"அரியணைக்கு இறப்பில்லை! அன்று அமர்ந்தவரே இன்றும் அமர்ந்திருக்கிறார்! முதல் மன்னரும் இவரே, இந்நாள் மன்னரும் இவரே!"

ராஜாவுக்கு மிகவும் பிடித்த கட்டியம் அது. அவருடைய தாத்தா ஆண்டார், அப்பா ஆண்டார், இப்போது இவர் ஆள்கிறார். ஆனாலும் மூவரும் ஒருவரே என்று தினமும் காலையில் காதால் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். ஒருநாள் கட்டியக்காரனுக்குத் தொண்டை கட்டி, கடைசி வரியை விழுங்கிவிட்டான். பத்துக் கசையடி கிடைத்தது.

"கேளுங்கள்!" என்றார் ராஜா. "புளிச்சோறு நம் நாட்டில் பிறந்தது. அதை முதலில் ஆக்கியவர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த வம்சத்துக்குத் தங்க அகப்பை பரிசு. இன்று முதல் ஒரு சட்டம். முதலில் ஆக்கியவரின் கை தவிர வேறு எந்தக் கையும் இந்தச் சோற்றை ஆக்கக் கூடாது. மீறினால் அடுப்பை இடியுங்கள். மறுபடியும் மீறினால் கையை எடுங்கள்."

சபை சும்மா இருக்குமா? தங்க அகப்பை என்று காதில் விழுந்ததும் அரண்மனைத் தலைமைச் சமையற்காரர் ஆளவந்தார் எழுந்தார். வயிறு முதலில் எழுந்தது, பிறகு அவர்.

"மகாராஜா! தன்னடக்கத்தால் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். என் கொள்ளுப்பாட்டனார் கனவில் அன்னதேவதையே தோன்றினாள். 'புளியைக் கரை, எள்ளை வறு' என்று அவர் காதில் ஓதினாள். அவர் விழித்தெழுந்து ஆக்கியதுதான் இந்தச் சோறு."

"நாலு நாள் கெடாமல் இருக்கிறதே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்?"

"பொற்பாத்திரத்தில் மூடி வைத்துத் தினமும் முகர்ந்து பார்த்தார், மகாராஜா!"

சேனாபதி வீரகங்கர் மீசையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கனவாம், தேவதையாம்! மகாராஜா, இது போர்க்களத்தில் பிறந்த சோறு. என் பாட்டனார் எதிரியைத் துரத்திக்கொண்டு குதிரையில் போனார். வழியில் ஒரு புளியமரம். குதிரை வேகத்தில் மரத்தில் இடித்தார். பழம் உதிர்ந்து சேணப் பையில் இருந்த சோற்றில் விழுந்தது. நாலு நாள் துரத்தினார். நாலாம் நாள் பையைத் திறந்தால், சோறு கெடவில்லை!"

விகடர் குப்பாண்டி தன் தூணோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சபையில் அவருக்கு ஆசனம் கிடையாது, அந்தத் தூண்தான். ராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"விகடரே, என்ன நினைக்கிறீர்?"

"இரண்டும் உண்மை போலத்தான் இருக்கிறது, மகாராஜா. ஒருவருடைய பாட்டனார் தூக்கத்தில் ஆக்கினார். மற்றவருடைய பாட்டனார் குதிரைமேல் ஆக்கினார். விழித்துக்கொண்டு, அடுப்புக்கு முன் உட்கார்ந்து ஆக்கியவர் யாராவது உண்டா என்றுதான் பார்க்கிறேன்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சமையற்காரரும் சேனாபதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நொடிக்கு முன்புவரை இருவரும் எதிரிகள். இப்போது கூட்டாளிகள்.

"மகாராஜா," என்றார் ஆளவந்தார் தேன் ஒழுக, "விகடருக்குத்தான் எல்லாம் தெரியுமே. முதலில் ஆக்கியவரை அவரே கொண்டுவந்து நிறுத்தட்டும்."

"உயிரோடு!" என்றார் சேனாபதி. "எங்கள் முன்னோர் செத்துப்போனார்கள் என்பதால்தானே கேலி பேசுகிறார்? உயிரோடு இந்தச் சபையில் நிறுத்தட்டும். எட்டு நாள் தவணை. முடியாவிட்டால் அந்த நாக்கு அவருக்கு எதற்கு?"

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். யாருடைய நாக்கு என்பதெல்லாம் அப்புறம்.

"நல்ல யோசனை. விகடரே, எட்டாம் நாள், உயிரோடு."

"உத்தரவு, மகாராஜா," என்று குப்பாண்டி குனிந்தார். "ஒரே ஒரு விண்ணப்பம். எட்டாம் நாள் இவர்கள் இருவரும் தங்கள் வம்ச வழக்கப்படி புளிச்சோறு கட்டிக்கொண்டு வரட்டும். நாலு நாளைக்கு முன்பே கட்டிய மூட்டையாக இருக்கட்டும்."

"அதற்கென்ன!" என்றார்கள் இருவரும்.

அன்று மத்தியானமே சேனாபதியின் ஆட்கள் கிழக்கு வாசலுக்குப் போனார்கள். அங்கே காத்தாயி என்று ஒருத்தி, சுங்கச் சாவடிக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுப் புளிச்சோறு விற்று வந்தாள். ஐம்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த அடுப்புத்தான் அவளுக்கு எல்லாம். அதை உலக்கையால் இடித்துவிட்டு, புளிப்பானையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

குப்பாண்டி போனபோது அவள் உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அவளிடம் சாப்பிடுகிற ஆள்தான் குப்பாண்டி.

"வா தம்பி. சோறு இல்ல. மண்ணு இருக்கு, திங்கிறியா?"

"அக்கா..."

"உங்க ராஜாவுக்கு வேற வேலையே இல்லியா? போருக்குப் போகட்டும், பொண்ணு கட்டட்டும், அதெல்லாம் பண்ண மாட்டாரா? என் அடுப்பு அவரை என்ன பண்ணிச்சு?"

"பக்கத்து ராஜா ஒரு கேள்வி கேட்டுட்டாரு. இவருக்குப் பதில் தெரியல."

"பதில் தெரியலன்னா என் அடுப்பை இடிக்கணுமா? நல்ல நியாயம். நாளைக்கு நான் ஆக்கினா கையை வெட்டுவானாம். அந்த மீசைக்காரன் ஆளு சொல்லிட்டுப் போறான். ஆக்காட்டி நான் பட்டினி. ஆக்குனா கை இல்லாம பட்டினி. எது தேவல, நீதான் புத்திசாலியாச்சே, சொல்லு."

குப்பாண்டி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எட்டாம் நாள் நீங்க சபைக்கு வரணும். ஒரு மூட்டை கட்டிக்கிட்டு."

"கட்டுனா கை போயிரும்னு இப்பத்தான சொன்னேன்?"

"என் வீட்டு அடுப்புல ஆக்குங்க. மாட்டிக்கிட்டா என் நாக்கோட உங்க கையும் போகும். துணைக்குத் துணை."

"உன் நாக்கா?"

குப்பாண்டி நடந்ததைச் சொன்னார். காத்தாயி ஓடு பொறுக்குவதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"அங்க வந்து நான் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம். மூட்டையைக் கொண்டாந்து வையுங்க. ராஜா கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"எனக்குப் பொய் சொல்ல வராது."

"அதனாலதான் கூப்பிடுறேன்."

எட்டாம் நாள் சபையில் நிற்க இடமில்லை. விகடரின் நாக்கு போவதைப் பார்க்க ஊரே வந்திருந்தது. கட்டியக்காரன் கூவினான்: "அரியணைக்கு இறப்பில்லை! அன்று அமர்ந்தவரே இன்றும் அமர்ந்திருக்கிறார்!" கடைசி வரிவரை கேட்டு ராஜா மலர்ந்தார்.

மூன்று மூட்டைகள் கம்பளத்தின்மேல் இருந்தன. ஆளவந்தாருடையது பட்டு மூட்டை, பொன் சரிகை போட்டது. சேனாபதியுடையது தோல் பை, வெள்ளிக் கொக்கி வைத்தது. மூன்றாவது பழைய சேலைக் கிழிசலில் கட்டியது. அதன் பின்னால் காத்தாயி நின்றாள்.

"இவள் யார்?" என்றார் ராஜா.

"கிழக்கு வாசலில் அடுப்பு வைத்திருந்தவள், மகாராஜா. இப்போது வைத்திருக்கவில்லை," என்றார் குப்பாண்டி. "மூவரும் மூட்டையைப் பிரிக்கட்டும். அதுதான் நான் கேட்பது."

"இவ்வளவுதானா?" ஆளவந்தார் பட்டு முடிச்சை ஒரே இழுப்பில் பிரித்தார். சோறு மணத்தது. சேனாபதி கொக்கியைத் தட்டினார். அவருடைய சோறும் மணத்தது. இருவரும் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

காத்தாயி அசையவில்லை.

"நீயும் பிரி," என்றார் ராஜா.

"நான் பிரிக்க மாட்டேனுங்க."

"ஏன்?"

"நான்தான கட்டுனேன். கட்டுன கை அவுக்கக் கூடாதுங்க. வேற யாராச்சும்தான் அவுக்கணும்."

"சட்டத்தை மீறி ஆக்கினாய், இப்போது மகாராஜாவின் கட்டளையையும் மறுக்கிறாயா!" என்று சேனாபதி வாளில் கை வைத்தார்.

ராஜா கையை உயர்த்தினார். வேடிக்கை புதிதாக இருந்தது அவருக்கு. "பொறுங்கள். பெண்ணே, இது என்ன வழக்கம்?"

"எங்க ஏரிக்கரைத் தெரு வழக்கமுங்க. புளிச்சோத்து மூட்டைக்கு மட்டும்தான். என் மாமியா சொல்லிக் கொடுத்தது."

"காரணம் இல்லாமலா இருக்கும்? சொல்."

காத்தாயி குப்பாண்டியைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ராஜாவையே பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

"உங்க தாத்தா ராஜா பெரிய ஏரி வெட்டுனாருங்க. எங்க தெரு ஆம்பளைங்களை எல்லாம் ஊழியத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கூலி கெடையாது, சோறும் கெடையாது, வீட்டுலருந்து வரணும். கரைக்கு வைக்கோலும் நாணலும் வச்சு மண்ணு போடுவாங்களாம். நெருப்புப் பட்டா போச்சுன்னு, ஏரிக்கரையில எவனும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு உத்தரவு. ஊருலருந்து ஏரிக்கு மாட்டுவண்டி போக ஒரு பகல் ஆகும். வெறுஞ்சோறு போய்ச் சேரும்போதே கெட்டு நூலு விட்டுரும். அதுக்காகத்தான் பொம்பளைங்க புளியைக் காய்ச்சி, எண்ணெய ஊத்தி, சோத்தை ஆறவச்சுப் பெசஞ்சாங்க. வாழையெலைய அனல்ல வாட்டி, அதுல வச்சு, துணியில கட்டி அனுப்புனாங்க. எல்லாம் ஒரே மாதிரி மூட்டை. அதனால ஒவ்வொருத்தியும் ஒரு முடிச்சுப் போடுவா. முடிச்சைப் பாத்தா இது நம்ம வீட்டுதுன்னு அவ புருஷனுக்குத் தெரியும்."

"நல்ல ஏற்பாடு," என்றார் ராஜா.

"ஒரு ஐப்பசியில வண்டி போச்சுங்க. போய்ச் சேந்த அன்னிக்குத்தான் கரை ஒடஞ்சுது. ரெண்டு நாள் மண்ணத் தோண்டுனாங்களாம். அப்புறம் எதுக்கு வண்டி நிக்கணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போக ஒரு நாள், நின்னது ரெண்டு நாள். நாலாம் நாள் சாயங்காலம் வண்டி தெருவுக்கு வந்துது. நாப்பத்தேழு மூட்டை. ஒண்ணுகூட அவுக்கல."

சபையில் யாரோ இருமினார்கள்.

"அவவ முடிச்சு அவவளுக்குத் தெரியுமில்ல? தேடி எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல புள்ளைங்க பசியில கெடக்கு. கட்டுன கையாலயே அவுத்தாங்க. சோறு கெடலீங்க. நேத்து ஆக்குன மாதிரி இருந்துச்சாம். நாலு நாள் தாங்கும்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது. பொன் ஏனத்துலயும் வச்சுப் பாக்கல, குதிரைமேலயும் போகல."

ஆளவந்தார் தம்முடைய பட்டு மூட்டையை மெதுவாக மூடினார்.

"அதுலருந்து கட்டுனவ அவுக்கிறதில்ல. அவ்வளவுதாங்க."

ராஜா தம் மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். வருத்தப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தையும் அப்படி வைத்துக்கொண்டார்.

"ம். மழைக்காலத்தில் கரை உடைவது உண்டு," என்றார். பிறகு, "இதற்கு ஓலை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

அரைத் தூக்கத்தில் இருந்த கிழட்டு மந்திரி எழுந்தார். "இருக்கிறது, மகாராஜா. அப்போது நான் இளம் எழுத்தன். 'ஏரிக்கரையில் எவரும் நெருப்பு மூட்டலாகாது' என்ற உத்தரவை நான்தான் எழுதினேன். உங்கள் பாட்டனாரின் முத்திரை இருக்கிறது."

"கரை உடைந்தது?"

"அந்த வருஷத்து ஓலையில் 'ஏரி நிறைந்தது' என்று மட்டும் இருக்கிறது, மகாராஜா."

"இறந்தவர்கள் பெயர்?"

"எழுதச் சொல்லவில்லை."

சேனாபதிக்கு மூச்சு வந்தது. "மகாராஜா! கதை உருக்கமாக இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் விகடர் என்ன சொல்லிவிட்டுப் போனார்? முதலில் ஆக்கியவரை உயிரோடு நிறுத்துகிறேன் என்றார். இந்தப் பெண் சொன்ன பெண்கள் எல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள். எங்கே உயிருள்ளவர்? நாக்கை நீட்டும், விகடரே!"

"நீட்டுகிறேன், சேனாபதி. அதற்கு முன் அது ஒரு வேலை செய்துவிடட்டும்," என்றார் குப்பாண்டி. தூணை விட்டு நகர்ந்து சபை நடுவே வந்தார். ராஜாவுக்குப் பழக்கமான அந்தக் கோமாளிக் குனிவு குனிந்தார்.

"மகாராஜா, அந்தப் பெண்கள் ஆசைப்பட்டா புளியைக் கரைத்தார்கள்? ஏரிக்கரையில் அடுப்பு மூட்ட விட்டிருந்தால் கீரையைக் கடைந்து, ரசம் வைத்துச் சுடச்சுடப் போட்டிருப்பார்கள். புளிச்சோறு என்ற பேச்சே வந்திராது. நெருப்பு கூடாது என்ற உத்தரவுதான் இந்தச் சோற்றை ஆக்கியது. கூலி இல்லை, சோறு வீட்டிலிருந்து வரட்டும் என்ற உத்தரவுதான் இதை மூட்டை கட்டியது. ஆக்கிய பெண்கள் பெயர் ஓலையில் இல்லை. உண்ணாமல் போனவர்கள் பெயரும் இல்லை. ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, முத்திரையோடு. ஓலையைத் தவிர இந்தச் சபைக்கு வேறு சாட்சி உண்டா?"

"என் பாட்டனாரா!" என்றார் ராஜா.

"அவர் செத்து ஐம்பது வருஷம் ஆகிறது!" என்று கத்தினார் சேனாபதி.

குப்பாண்டி கட்டியக்காரன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இன்று காலை என்ன கூவினீர்? இன்னொரு தரம் கூவும்."

கட்டியக்காரன் கோலைத் தட்டினான். "அரியணைக்கு இறப்பில்லை! அன்று அமர்ந்தவரே இன்றும் அமர்ந்திருக்கிறார்! முதல் மன்னரும் இவரே, இந்நாள் மன்னரும் இவரே!"

"சேனாபதி, அன்று அமர்ந்தவர் செத்துவிட்டார் என்கிறீர். அப்படியானால் தினமும் காலையில் நாம் கேட்பது பொய்யா?"

சேனாபதியின் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. "நான்... நான் அப்படிச் சொல்லவில்லை."

"கட்டியம் உண்மைதானே?"

"உண்மை. முழு உண்மை."

"மகாராஜா, என் நாக்கு பிழைத்தது. இந்தச் சோற்றை முதலில் ஆக்கியவர் உயிரோடு எதிரே அமர்ந்திருக்கிறார். தாங்கள்தான்!"

ராஜாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மேற்கு ராஜாவின் சிரித்த முகம் கண் முன் வந்தது. பெயர் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டாரே? சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட பெயர்!

"நானா! நானேதானா!" என்று ராஜா தொடையைத் தட்டினார்.

"இன்னும் முடியவில்லை, மகாராஜா," என்று குப்பாண்டி இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவி ராஜாவின் காலடியில் வைத்தார். அதன்மேல் ஒரு கொட்டாங்குச்சி அகப்பையையும் வைத்தார். "தங்கள் சட்டம், முதலில் ஆக்கியவரின் கை தவிர வேறு கை இதை ஆக்கக் கூடாது என்பது. நாளைக்குச் சேனை எல்லைக்குப் புறப்படுகிறது. நாலாயிரம் பேருக்குக் கட்டுச்சோறு வேண்டும். கோயிலில் சனிக்கிழமைப் பிரசாதம். கிழக்கு வாசலில் வழிப்போக்கர்கள் எட்டு நாளாக வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டச் சொல்லிவிட்டேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தாங்கள் வந்தால் புளி கரைக்க ஆரம்பித்துவிடலாம்."

ராஜா துண்டைப் பார்த்தார். அகப்பையைப் பார்த்தார். நாலாயிரம் பேர் என்று எண்ணிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கிரீடம் சரிந்து காதில் மாட்டிக்கொண்டது. ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது.

"போதும், விகடரே, போதும்! சட்டம் ரத்து! யார் வேண்டுமானாலும் ஆக்கட்டும். என் சோற்றை என் ஜனங்கள் உண்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் பெண்ணுக்குப் புது அடுப்புப் போட்டுக் கொடுங்கள். ஆளவந்தாரே, என் சோற்றை உம் பாட்டன் கனவு என்றீரே? நாற்பது மூட்டைப் புளியை உட்கார்ந்து கொட்டை எடும். சேனாபதி, நீரும் பக்கத்தில் உட்காரும். குதிரையில் ஏறாமல்!"

மறுபடியும் சிரிப்பு. தங்க அகப்பையைக் கொண்டுவந்து குப்பாண்டியின் கையில் கொடுத்தார்கள்.

"இந்த மூட்டையைக் கொண்டுவாருங்கள்," என்றார் ராஜா, "நான் கண்டுபிடித்த சோற்றை நானே பிரிக்கிறேன்." சேலைக் கிழிசல் முடிச்சில் விரலை விட்டார். முடிச்சு அசையவில்லை. நகத்தால் நெம்பினார். இடக்கையால் இழுத்தார். சிரித்துக்கொண்டே இடுப்புக் கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அருமை! என்ன ருசி!" என்றார்.

காத்தாயி அறுந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராஜா சிரித்தார், விகடருக்குப் பரிசு கிடைத்தது, பொறாமைக்காரர்கள் புளிக்கொட்டை எடுத்தார்கள். கதை கேட்டவர்கள் எழுந்து போகிற இடம் இதுதான். எழுந்து போனவர்கள் பாக்கியசாலிகள்.

மறுநாள் கட்டியத்தில் ஒரு வரி கூடியது. "புளிச்சோறு கண்டருளியவரும் இவரே!" பதினைந்து நாளில் ஏரிக்கரையில் ஒரு கல் நட்டார்கள். ராஜா அகப்பையைப் பிடித்திருப்பதுபோல அதில் ஒரு சிற்பம் இருந்தது. மேற்கு ராஜாவுக்கு ஓலை போனது.

குப்பாண்டி கிழக்கு வாசலுக்குப் போனார். புது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காத்தாயி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாங்க விகடரே."

"தம்பின்னுதான கூப்பிடுவீங்க?"

"அது முன்னால. இப்ப நீங்க பெரிய ஆளு. சபையையே சிரிக்க வச்ச ஆளு. நாப்பத்தேழு மூட்டைய வச்சு இப்படிச் சிரிக்க வைக்க வேற யாரால முடியும்?"

"அடுப்பு திரும்பி வந்துச்சில்ல அக்கா?"

"வந்துச்சு. இல்லேங்கல. கையும் இருக்குது." துடுப்பால் சோற்றைக் கிளறினாள். "கல்லைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். உங்க ராஜா அகப்பையத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அந்த எடத்துக்குக் கீழதான் என் மாமனாரு கெடக்கிறாரு."

குப்பாண்டி தங்க அகப்பையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. அடுப்புல தங்கம் கையச் சுடும். எனக்குக் கொட்டாங்குச்சி போதும்." பிறகு கையை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கணும். கட்டுன கை அவுக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் உங்களுக்குச் சொன்னதில்ல. எங்க தெருவைத் தாண்டி எவருக்கும் தெரியாது. அது தெரிஞ்சுதான மூட்டையப் பிரிக்கச் சொன்னீங்க?"

குப்பாண்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்க அப்பாவைப் பெத்தவரு மூட்டையும் அந்த வண்டியிலதான் திரும்பி வந்துச்சு. அப்புறம் எங்க அப்பா ஊரை விட்டு வந்துட்டாரு."

காத்தாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயும் ஏரிக்கரைத் தெருவா? பின்ன ஏன்டா அங்க சொல்லல? என்னையப் பேச விட்டுட்டு நீ தூணைப் பாத்துக்கிட்டு நின்னியே!"

"நீங்க சொன்னப்ப ராஜாவுக்கு வருத்தம் வந்துச்சு. நானும் சொல்லியிருந்தா கோவம் வந்திருக்கும். கோவம் வந்தா அடுப்பு வராது அக்கா. சிரிப்பு வந்தாத்தான் வரும்."

அவள் அடுப்பு அனலில் ஓர் இலையை வாட்டினாள். வாட்டிய இலையில் சோற்றை வைத்தாள். துணியில் சுற்றினாள். மாமியார் சொல்லிக் கொடுத்த முடிச்சைப் போட்டு அவர் மடியில் வைத்தாள்.

"இந்தா தம்பி. அறுக்காதே."

"இல்லக்கா."

சபையில் எதையும் ஒரு நொடியில் அவிழ்த்துவிடுகிறவர் என்று பெயர் எடுத்த குப்பாண்டி, அந்த முடிச்சோடு உட்கார்ந்திருந்தார். வண்டிகள் வந்தன, சுங்கம் கட்டின, போயின. சோறு ஆறிப்போன பிறகுதான் முடிச்சு இளகியது.